நிரலைக் கட்டிப் பிறர்க்கு வழங்குமாறு

எம் தமிழ்த்துறையிற் பல்லாண்டு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற பெரியார் ஒருவர், பரணி நூலொன்றுக்குச் சொல்லடைவு தொகுக்கும் பணியை 9 ஆண்டுகளாகத் தனியே செய்து வருகின்றார். முதலில் அட்டைத் துண்டுகளில் எழுதத் தொடங்கியவர், பின்னர்த் தம் பேரனுடைய கணினியில் நூல் முழுவதையும் தம் கைப்படத் தட்டெழுதி வைத்துக்கொண்டார். அவர்க்கு அகவை 78. வலக்கண்ணிற் பார்வை மங்கிவிட்டது. மற்றைக் கண் தெளிவாயிருக்கும்போதே அடைவை அச்சுக்கு அனுப்பிவிட வேண்டுமென்பது அவர் விருப்பம். சொற்களை அகரவரிசைப்படுத்தும் வேலையைக் கணினி நொடியில் முடித்துவிடுமென எண்ணி அதனிடம் ஒப்படைத்தார்; நொடியில் முடிந்ததென்னவோ உண்மை. சென்ற கோடை விடுமுறையில் அவரைக் காணச் சென்றபோது அத்தாள்களை எம் கையிற் கொடுத்து, "தம்பி, இதில் மனம் எங்கே நிற்கிறது பார்" என்றார். மயிலுக்கு முன்னர் மனம் நின்றது. மலைக்கும் மழைக்கும் முன்னர் மறம் நின்றது.

இதன் காரணம் எளிது. ஒருங்குறி எனப்படும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்ப் பகுதியில் நகரத்தை அடுத்த எண் னகரத்துக்கும், ரகரத்தை அடுத்த எண் றகரத்துக்கும் தரப்பட்டுள்ளன. லகரத்தின் பின் ளகரம், ழகரம், வகரம் என்னும் முறையில் எண்கள் செல்கின்றன. புள்ளியின் எண்ணோ உயிர்க்குறிகளின் எண்களுக்குப் பிற்பட்டது. ஆதலின் மெய்யெழுத்து தன் உயிர்மெய்கள் அனைத்துக்கும் பின்னே தள்ளப்படுகின்றது. எண் வரிசையை அகரவரிசையென்று கொள்ளும் கணினி, நம் இலக்கணம் வகுத்த முறையை எங்ஙனம் அறியும்? அதனை அறிவித்தற்கென்று யாம் பைதான் என்னும் மொழியில் 140 வரிகள் கொண்ட சிறு நிரலொன்றை இயற்றினோம். எம் விடுதியறைக் கணினியில் அது பழுதின்றி இயங்கிற்று. உடனே அக்கோப்பைப் பெரியார்க்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெரிய காரியம் செய்து முடித்தாற்போல் உறங்கினோம்.

அடுத்த மூன்று நாட்களில் அவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தார். மூன்று முறையும் வெவ்வேறு பிழை. நிரலை எழுதுதல் ஒன்று, அதனைப் பிறர் கையில் இயங்குமாறு சேர்ப்பித்தல் மற்றொன்று என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது. நம் கல்லூரியிலும் சிறு நிரல்கள் எழுதும் மாணாக்கர் பெருகி வருகின்றனராதலின், இரண்டாவதாகிய அவ்விஷயத்தைப் பற்றி யாம் இடர்ப்பட்டுக் கற்றவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கணினிக்குக் கட்டளையிடும் மொழிகள் பெரும்பாலும் இருதிறத்தன என்று கொள்ளலாம். சி போன்ற மொழிகளில் எழுதிய நிரலை முன்கூட்டியே முழுமையாகப் பொறியின் மொழிக்கு மாற்றிவிடுவர். மாற்றப்பட்ட கோப்பைப் பெறுவோர்க்கு மூலம் வேண்டுவதில்லை. மாற்றிய கருவியும் வேண்டுவதில்லை. பெர்ல், பைதான், ரூபி முதலிய மொழிகளிலோ நிரல் எழுதியவாறே கிடக்கும். இயக்கும்போது உரைபெயர்ப்பி என்னும் வேறொரு நிரல் உடனிருந்து அதனைப் படித்து, தனக்கேற்ற குறிப்புகளாக மாற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செய்துவைக்கும். முன்னதைப் பொழிப்புரையோடு அச்சிட்ட நூலுக்கு ஒப்பிடலாம். பின்னதை உரையாசிரியர் பக்கத்தில் இருந்தாலன்றிப் பொருள்படாத மூல ஏட்டுக்கு ஒப்பிடலாம். எழுதுவோனுக்குப் பின்னதே எளிது. ஒரு வரியைத் திருத்தியவுடன் இயக்கிப் பார்க்கலாம். அவ்வெளிமைக்குரிய விலையை வழங்குங் காலத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஏட்டை மட்டும் அனுப்பினாற் போதாது. உரையாசிரியரும் அங்கே இருத்தல் வேண்டும். அவரும் நாம் கருதிய அதே உரையாசிரியராதல் வேண்டும்.

பைதானை ஆக்கியவர் குவிடோ வான் ராசம் என்னும் ஒல்லாந்தர். ஆம்ஸ்டர்டாமில் கணிதத்துக்கும் கணினியியலுக்கும் உரிய ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், 1989 டிசம்பரில் இதனைத் தொடங்கி 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். பெயரைக் கண்டு மலைப்பாம்பை நினைத்தல் வேண்டா. மான்டி பைதான் என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவினர்மீது அவர்க்கிருந்த விருப்பமே அப்பெயர்க்குக் காரணம். இம்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. அஃது இரண்டாம் பதிப்போடு பல இடங்களில் முரணிற்று. ஏழை இரண்டால் வகுக்கவென்றால் இரண்டாம் பதிப்பு 3 என்னும். மூன்றாம் பதிப்பு 3.5 என்னும். மூலம் ஒன்றேயாயினும் உரையாசிரியர் இருவர் இருபொருள் கூறினமையால், பதினோராண்டுக் காலம் இரண்டும் அருகருகே வழங்கி, 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு இரண்டாம் பதிப்புக்குரிய ஆதரவு நின்றது. நிரலை வழங்குவோன் 'இஃது இன்ன பதிப்புக்குரியது' என்று முகப்பிற் குறித்தல் இன்றும் வேண்டியதாயிருப்பது இதுபற்றியே.

இனிப் பெரியாருடைய மூன்று அழைப்புகளுக்கு வருவோம்.

முதல் அழைப்பு: கோப்பைச் சொடுக்கினால், எதனைக்கொண்டு இதைத் திறப்பதென்று கணினி அவரையே கேட்கின்றது. விண்டோஸ் கணினிகளோடு பைதான் வருவதில்லை என்பதை யாம் மறந்துவிட்டோம். எம் கணினியில் இயங்கும் லினக்ஸிலோ அஃது முன்னரே இருந்தது. பேரன் பைதானை நிறுவிக் கொடுத்தான்.

இரண்டாம் அழைப்பு: 'தமிழ்' என்னும் பெயருடைய கூறு இல்லையென்று நிரல் நின்றுவிட்டது. "தமிழ் இல்லையென்று என்னிடமே சொல்லுகிறதே" என்று அவர் நகைத்தார். நடந்தது இது. ஒரு சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் வேலையை யாம் புதிதாக எழுதவில்லை. ஓப்பன்-தமிழ் என்னும் பொது நூலகம் அதனை முன்னரே செய்து வைத்திருக்கின்றது. கணினியைப் பொறுத்தவரை 'கி' என்பது ககரமும் இகரக்குறியும் ஆகிய இரண்டு. அந்நூலகம் அதனை ஓரெழுத்தாக எண்ணித் தரும். நன்னூலார் வகுத்த முதல், வழி, சார்பு என்னும் மூவகையுள் எம் நிரல் சார்புநூலாயிற்று. சார்ந்த நூலை அனுப்பாமற் சார்பை மட்டும் அனுப்பினோம். ஓராண்டுக்கு முன் வேறொரு வேலைக்காக அதனை எம் கணினியில் நிறுவியதையே மறந்திருந்தோம். இதில் இன்னுமொரு சிக்கலுண்டு. நிரலினுள் அதனை அழைக்கும் பெயர் 'தமிழ்'. வாங்கும் இடத்தில் அதன் பெயர் 'ஓப்பன்-தமிழ்'. பிழைச்செய்தியிற் கண்ட பெயரையே கேட்டு வாங்கச் செல்வோர்க்கு வேண்டிய பொருள் கிட்டாது. படங்களைக் கையாளும் பில்லோ என்னும் நூலகமும் நிரலினுள் 'பில்' என்றே அழைக்கப்படுகின்றது. கடையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்.

மூன்றாம் அழைப்பே எம்மைத் தலைகுனியச் செய்தது. எல்லாம் நிறுவியபின் நிரல் இயங்கத் தொடங்கி, நூற்கோப்பைத் திறந்தவுடன் வீழ்ந்தது. தமிழெழுத்து ஒவ்வொன்றும் கோப்பில் மூன்று எண்ணலகுகளாக எழுதப்படும். புள்ளிக்குரிய மூன்றாவன, பதினாறின் அடுக்கில் எழுதுங்கால், ஈ0, ஏஎஃப், 8டி என்பன. எம் நிரலில் 'இக்கோப்பு ஒருங்குறியில், யுடிஎஃப்-8 முறையில் உள்ளது' என்று யாம் சொல்லவில்லை. சொல்லாதபோது, பெரியாருடைய கணினியில் நிறுவப்பட்ட பைதான் ஐரோப்பிய மொழிகளுக்குரிய 1252 என்னும் பழைய அட்டவணையைக்கொண்டு கோப்பைப் படிக்கப் புகுந்தது. அவ்வட்டவணையில் 8டி என்னும் இடம் வெற்றிடம். ஆகவே புள்ளி வந்தவுடன் நிரல் நின்றது. எம் லினக்ஸ் கணினி கேளாமலே யுடிஎஃப்-8 என்று கொள்வதால் எமக்கு இப்பிழை கனவிலும் தோன்றவில்லை. யாம் காரணத்தை விளக்கியதும் பெரியார் சற்றுநேரம் வாளாவிருந்து, "அப்படியானால் உன் கருவி என் நூலின் முதற் புள்ளியிலேயே இடறி விழுந்துவிட்டது, தம்பி" என்றார். ஒரே ஒரு சொற்றொடரைச் சேர்த்ததில் அப்பிழை நீங்கிற்று. எனினும், திருத்திய கோப்பை மறுபடியும் மின்னஞ்சலில் அனுப்புவதா? நாளை மற்றொரு திருத்தம் வந்தால் அவரிடம் உள்ளது பழையதா புதியதா என்று யார் அறிவார்? கையெழுத்துப் பிரதிகளிற் பாடபேதம் பெருகிய வரலாற்றைப் பயிலும் யாமே அத்தகைய பாடபேதத்தை உண்டாக்குதல் தகாது என்று கருதி, முறையாகக் கட்டி வழங்கும் வழியை நாடினோம்.

அவ்வழி ஒரே நாளில் அமைந்ததன்று. பெர்ல் மொழியினர் 1995-இலேயே சிபான் என்னும் பொதுப் பண்டகசாலையை ஏற்படுத்திக்கொண்டனர். பைதானுக்கோ பொதுவான கட்டுங் கருவி 2000-இல்தான் மொழியோடு சேர்ந்தது. டிஸ்டுட்டில்ஸ் என்னும் அதனை 1998 முதலே ஒரு குழுவினர் ஆய்ந்து அமைத்தனர். பைப்பிஐ என்னும் பண்டகசாலை 2003-இல் எழுந்தது. அதற்குப் பாலாடைக்கட்டிக் கடை என்பது பழைய செல்லப்பெயர். மேற்சொன்ன நகைச்சுவைக் குழுவினரின் நாடகமொன்றில், கடைக்கு வந்தவன் எவ்வகைப் பாலாடைக்கட்டியைக் கேட்டாலும் இல்லையென்றே விடை வரும். தொடக்கத்தில் நம் பண்டகசாலையும் ஏறக்குறைய அந்நிலையிலேயே இருந்ததாதலின் பெயர் பொருந்திற்று. இன்று அங்கே 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுகள் உள்ளன. 2004-இல் செட்டப்டூல்ஸ் என்னும் கருவியும், அதனோடு 'எக்', அதாவது முட்டை, என்னும் கட்டு வகையும் வந்தன. 2008-இல் இயான் பிக்கிங் என்பார் பிப் என்னும் கருவியை வெளியிட்டார். பண்டகசாலையிலிருந்து ஒரு கட்டையும், அது சார்ந்தவற்றையும், அவை சார்ந்தவற்றையும் ஒரே கட்டளையிற் கொணர்ந்து நிறுவுவது இது. 2014-இல் வெளிவந்த 3.4-ஆம் பதிப்பு முதல் பைதானை நிறுவும்போதே பிப்பும் உடன்வருகின்றது.

நிற்க. இவற்றுள் எல்லாம் சிறந்ததென யாம் கருதுவது 'வீல்' என்னும் கட்டு வகையாகும். பாலாடைக்கட்டியைச் சக்கர வடிவில் வார்ப்பர், கடைக்கேற்ற சரக்கு. இதன் வரையறை 2013-இல் ஏற்கப்பட்டது. இதற்கு முன்னர் நிரல் கட்டுகள் பெரும்பாலும் மூலமாகவே வழங்கின. ஒவ்வொன்றினுள்ளும் நிறுவுதற்கான ஒரு நிரல் இருக்கும். பெறுவோனது கணினியில் அது முதலில் இயங்கித்தான் மற்றவற்றை வைக்கும். அந்நிரல் நல்லதோ தீயதோ, இயக்காமல் அறியவியலாது. மேலும் நம்பை போன்ற கணித நூலகங்களின் ஒரு பகுதி சி மொழியில் உள்ளது. மூலமாகப் பெற்றால் அப்பகுதியைப் பெறுவோனே பொறிமொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குரிய கருவிகள் விண்டோஸ் கணினியில் இரா. இதனால் பலர் தொடக்கத்திலேயே மனம் சலித்து விலகியிருப்பரென்பதில் ஐயமில்லை. வீல் என்பதோ ஆக்கி முடித்த பொருள். அஃது ஒரு சாதாரணச் சுருக்கக் கோப்பு; நிறுவுதலென்பது அதனை விரித்து உரிய இடங்களில் வைத்தலே. அதன் பெயரே அதற்கு முகவரிச்சீட்டு: கட்டின் பெயர், பதிப்பெண், எந்தப் பைதானுக்குரியது, அதன் எந்த உள்ளமைப்புக்குரியது, எவ்வகைக் கணினிக்குரியது என்னும் ஐந்தும் அப்பெயரில் வரிசையாக நிற்கும். எம் நிரலில் சி மொழிப் பகுதி ஏதுமில்லையாதலின், 'பைதான் 3, உள்ளமைப்பு இன்னதென்பது இல்லை, கணினி எதுவாயினும் ஆகுக' என்னும் பொருள்படும் குறிகளைப் பெற்றது. சி மொழிப் பகுதியுடையார் விண்டோஸுக்கொன்று, மேக்குக்கொன்று, லினக்ஸுக்கொன்று எனப் பல வீல்களைச் செய்து வைக்க வேண்டும்.

கட்டும் முறை இப்போது பெரிதும் எளிதாயிருக்கின்றது. பைபுராஜெக்ட் என்னும் ஓர் எழுத்துக்கோப்பில் கட்டின் பெயர், பதிப்பெண், வேண்டிய பைதான் பதிப்பு, சார்ந்த நூலகங்கள், உரிமம் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். இக்கோப்பு முறை 2016-இல் வகுக்கப்பட்டது. உரிமத்தை எழுத மறப்போர் பலர். அஃதில்லையேல் பிறர் அதனைப் படியெடுக்கவோ திருத்தவோ நம் இசைவு பெற்றவராகார். பெயர் விஷயத்தில் எமக்கொரு குறையுண்டு. பைதான் மூன்றாம் பதிப்பில் நிரலினுள் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம், யாமும் இட்டோம். பண்டகசாலையிற் பதியும் பெயரோ உரோமன் எழுத்தில்தான் இருத்தல் வேண்டும். ஆகவே தமிழ்ச் சொல்லடைவுக் கருவியொன்று பிறமொழி எழுத்திற் பெயர் தாங்கி நிற்கின்றது. கட்டிய வீலைப் பண்டகசாலைக்கு ஏற்றும் கருவியின் பெயர் டுவைன். முறுக்கிய சரடு என்பது பொருள். கட்டுக்குச் சரடு வேண்டுமன்றோ!

ஒத்திகை பார்ப்பதற்கென்றே தனியொரு பண்டகசாலையை அவர்கள் வைத்திருக்கின்றனர். யாம் அதில் ஒருமுறை ஏற்றிப் பார்த்து, எம் கணினியிலேயே நிறுவிச் சோதித்து, எல்லாம் நன்றென்று மகிழ்ந்து, 0.1 என்னும் பதிப்பெண்ணோடு மெய்ப்பண்டகசாலையில் ஏற்றினோம். அறைத்தோழரது கணினியில் நிறுவியதும் அது வீழ்ந்தது. அகரவரிசையைக் குறித்த சிறு அட்டவணையை நிரலுக்குப் புறத்தே தனிக்கோப்பாக வைத்திருந்தோம். அது வீலினுள் ஏறவேயில்லை. நிரலல்லாத கோப்புகளை வெளிப்படையாகக் குறித்தாலன்றிக் கட்டுங் கருவி சேர்த்துக்கொள்ளாது. எமக்கு மட்டும் ஏன் இயங்கிற்று? யாம் நிரலை எழுதிய அடைவினுள் நின்றே சோதித்தோம். அட்டவணை அங்கே கண்முன் கிடந்தது. தன் வீட்டிலிருந்துகொண்டே கட்டுச்சோற்றில் உப்பு மறந்ததை அறியவியலாது போலும். வழங்குமுன் வேறோர் அடைவில், இயலுமாயின் வேறொரு கணினியில், நிறுவிப் பார்க்கவேண்டுமென்பதை அன்று முதல் எமக்குரிய விதியாகக் கொண்டோம்.

பிழையைக் கண்டவுடன் 0.1-ஐ அழித்துவிட்டு அதே பெயரில் நல்லதை ஏற்ற முயன்றோம். பண்டகசாலை மறுத்துவிட்டது. ஒருமுறை வழங்கிய கோப்பின் பெயர், அழித்தபின்னும் மீண்டும் வழங்கப்படாது. அப்போது சினம் வந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தபோது அவ்விதியின் நேர்மை புலப்பட்டது. 0.1 என்றால் உலகெங்கும் ஒரே பொருளைக் குறித்தல் வேண்டும். இன்று வாங்கியவனிடம் ஒன்றும் நாளை வாங்குபவனிடம் வேறொன்றும் அப்பெயரால் இருக்குமாயின் பதிப்பெண்ணுக்குப் பொருளில்லை. குறையுடைய பதிப்பைத் திரும்பப்பெற்றதாகக் குறித்துவைக்க மட்டும் வழியுண்டு. அங்ஙனம் குறித்ததை, அப்பதிப்பையே பெயர்சுட்டிக் கேட்டாலன்றிப் பிப் எடுக்காது. யாம் 0.2-ஐ ஏற்றினோம்.

சார்ந்த நூலகங்களைக் குறிக்கும்போது எவ்வளவு இறுக்கமாகக் குறிப்பது என்பது அறிஞரிடையேயும் வழக்காடப்படும் பொருள். ஒரே பதிப்பைச் சுட்டிக் கட்டினால் நம் நிரல் நாளையும் அவ்வாறே இயங்கும். ஆனால் அதே நூலகத்தின் வேறு பதிப்பை வேண்டும் மற்றொரு நிரலோடு ஒரே வீட்டில் வாழவியலாது. ஒரு சூழலில் ஒரு நூலகத்தின் ஒரு பதிப்பையே பைதானில் நிறுவலாம். தளர்வாகக் குறித்தால், அந்நூலகத்தார் நாளை ஒரு பெயரை மாற்றியவுடன் நம் நிரல் முறியும். பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நூலகத்துக்குத் தளர்வும், நேரே பயனாளர்க்குச் செல்லும் கருவிக்கு இறுக்கமும் ஏற்றவை என்பது எம் கருத்து. இப்பூசலைத் தவிர்க்கும் பொருட்டே ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி அறை அமைக்கும் வழக்கம் தோன்றியது. மெய்ந்நிகர்ச் சூழல் எனப்படும் அவ்வறைகளை அமைக்கும் கருவி 2012 முதல் பைதானோடு சேர்ந்தே வருகின்றது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதலான லினக்ஸ் பதிப்புகள், கணினிக்கே உரிய பொதுப் பைதானில் பிப் கொண்டு எதையும் நிறுவலாகாதென்று தடுத்துவிட்டன. அறை அமைத்துக்கொண்டே நிறுவவேண்டும். கணினியின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைதானைச் சார்ந்திருத்தலின், அதனைக் குலைத்தல் வீட்டுத் தூணைப் பெயர்ப்பது போலாகும்.

பிறர் எழுதியவற்றைச் சார்ந்து நிற்பதில் அச்சமும் உண்டு. 2016 மார்ச்சு 22-ஆம் நாள் ஜாவாஸ்கிரிப்டு மொழிக்குரிய பண்டகசாலையில் நடந்தது இது. ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரலொன்றை அதன் ஆசிரியர், வேறொரு கட்டின் பெயர் குறித்து எழுந்த வழக்கினால் மனம் நொந்து, தம் ஏனைய கட்டுகளோடு திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனை நேரேயும் சுற்றியும் சார்ந்திருந்த எண்ணிறந்த நிரல்களின் ஆக்கம் உலகெங்கும் நின்றது. சில மணி நேரத்தில் பண்டகசாலையாரே அதனை மீட்டு வைத்தனர். 11 வரிகளைத் தாமே எழுதாமல் வாங்கியோரைச் சிலர் எள்ளினர். ஓப்பன்-தமிழைச் சார்ந்த எமக்கு எள்ள மனம் வரவில்லை.

இதனினும் கொடியது வஞ்சகம். 2017 செப்டம்பரில் சுலோவாக்கிய நாட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தார், பைப்பிஐ-யில் புகழ்பெற்ற கட்டுகளின் பெயரைச் சிறிதே திரித்துக் கொண்ட போலிக் கட்டுகள் பத்தினைக் கண்டு அறிவித்தனர். விரைந்து தட்டெழுதுவோன் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் போலியை வாங்கிவிடுவான். நம் மொழியில் ரகர றகர வேறுபாட்டை வற்புறுத்தும் ஆசிரியரைக் கடிந்துகொள்ளும் நண்பர்கள் இதனை நோக்குக. இன்று பண்டகசாலையில் ஒவ்வொரு கோப்புக்கும் 64 இலக்கமுடைய ஒரு சாரக்குறி காட்டப்படுகின்றது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அக்குறி முற்றிலும் மாறிவிடும். வேண்டுவோர் அக்குறிகளை எழுதிவைத்து, ஒவ்வாததை ஏற்கலாகாதென்று பிப்புக்குக் கட்டளையிடலாம். 2024 தொடக்கம் முதல், கட்டுகளை ஏற்றுவோர் அனைவரும் கடவுச்சொல்லோடு இரண்டாவதொரு சான்றும் காட்டல் வேண்டுமென்பது அங்கே விதி. எம் சொல்லடைவுக் கருவிக்கும் இவ்வளவு காவல் வேண்டுமா என்று முதலில் எண்ணினோம். பெரியாருடைய கணினியில் அவரது ஒன்பதாண்டு உழைப்பும் இருப்பதை நினைத்தபோது அவ்வெண்ணம் அகன்றது.

0.2-ஐப் பேரன் ஒரே கட்டளையில் நிறுவினான். சார்ந்த நூலகம் தானே வந்து சேர்ந்தது. அடைவு சரியான வரிசையில் வந்ததென்று பெரியார் அன்று மாலையே அழைத்துச் சொன்னார். அதனோடு, அடைவு தொகுக்கும் தம் நண்பர் இருவர்க்கும் இக்கருவி வேண்டுமென்றும், அவர்கள் வீட்டிற் பேரன் இல்லையென்றும் கூறினார்.

பேரன் இல்லாதோர்க்கு வேறு வழி உண்டு. பைஇன்ஸ்டாலர் என்னும் கருவி, நிரலையும் சார்ந்த நூலகங்களையும் உரைபெயர்ப்பியையும் ஒருங்கே மூட்டையாகக் கட்டி, சொடுக்கினால் இயங்கும் ஒரே கோப்பாக்கித் தரும். உரையாசிரியரையே பெட்டியில் வைத்து அனுப்புதல் என்க. இதில் யாம் கண்ட குறைகள் சில. விண்டோஸுக்கான மூட்டையை விண்டோஸிலேயே கட்டவேண்டும். ஆதலின் அறைத்தோழரது கணினியை இரவல் பெற்றோம். சில கிலோபைட்டே உள்ள நிரல் ஏறக்குறைய 9 மெகாபைட்டு மூட்டையாயிற்று. அது தொடங்கும் ஒவ்வொரு முறையும் தன்னைத் தற்காலிக அடைவொன்றில் விரித்துக்கொள்வதால் சிறிது தாமதிக்கும். நச்சுநிரல் தடுப்பியொன்று அதனைக் கள்வனென்று பிடித்து அடைத்தது. அறியாத மூட்டையைக் கண்டு காவலன் ஐயுறுதல் இயல்பே. புதிய பதிப்பு வந்தால் பிப் கொண்டு புதுப்பிக்கவும் இயலாது. முழு மூட்டையையும் மீண்டும் அனுப்ப வேண்டும். மூட்டையாகக் கட்டினால் நிரலின் மூலம் மறைந்துவிடுமென்று எண்ணுவாரும் உளர்; அவிழ்க்கத் தெரிந்தவர் அவிழ்த்துவிடுவர். பைதான் உள்ள கணினிகளுக்கு மட்டுமாயின், எல்லாவற்றையும் ஒரு சுருக்கக் கோப்பிலிட்டு அதனையே இயக்கும் எளிய முறை 3.5-ஆம் பதிப்பு முதல் உண்டு. எம்மைக் கேட்டால் அதுவே அழகியது. நண்பர் இருவர்க்கும் ஆகாதென்பதால் கைவிட்டோம்.

மூட்டைகள் சென்று சேர்ந்து ஒரு திங்கள் ஆயிற்று. சென்ற வாரம் பெரியாரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. பதிப்புரைப் பகுதியில் வரும் ஜகரம், ஸகரம் முதலிய வடவெழுத்துச் சொற்கள் அடைவின் தலைப்பில், அகரத்துக்கும் முன்னே, ஏறி நிற்கின்றனவாம். எம் அட்டவணையில் அவற்றுக்கு இடம் குறிக்கவில்லை. னகரத்துக்குப் பின் வைக்குமாறு எழுதியிருந்தார். அட்டவணையிற் சேர்த்து, வேறோர் அடைவில் நிறுவிச் சோதித்து, 0.3 என்னும் எண்ணிட்டு நேற்று ஏற்றினோம்.